தூங்கப் போவதில் யார் முதல், யார் கடைசி? லினக்ஸில் சஸ்பெண்ட், ரிசூம் வரிசை

[திரையில்: ஒரு டச் ஸ்க்ரீன் போர்டு. படம் தெரிகிறது. விரல் தட்டுகிறது, ஒன்றும் நடக்கவில்லை.]

வணக்கம். பினாங்கிலிருந்து பேசுகிறேன். பாயான் லெப்பாஸில் போர்டுகளுக்கு லினக்ஸ் ஏற்றுவது என் பிழைப்பு. 1972இல் இங்கே சுதந்திர வர்த்தக மண்டலம் வந்த காலத்தில் எங்கள் பெரியம்மா தலைமுறை மைக்ரோஸ்கோப் வழியாக சிப்பைப் பார்த்தது. நாங்கள் லாக் ஃபைலைப் பார்க்கிறோம். கண் வலி மட்டும் மாறவில்லை.

இந்த போர்டு தூங்கும் (சஸ்பெண்ட்), எழும் (ரிசூம்), படமும் வரும். ஆனால் பத்து தடவைக்கு ஒரு தடவை டச் வேலை செய்யாது. அந்த ஒரு தடவை எங்களுடைய இரண்டு வாரத்தைத் தின்றுவிட்டது.

[திரையில்: ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியா. இரவு. ஓர் ஒட்டுக்கடை மூடுகிறது.]

முதலில் இந்தக் கடையைப் பாருங்கள். கடை கட்டும் நேரம். முதலாளி சுவிட்ச் பக்கமே போகவில்லை. "தம்பி, இனி ஆர்டர் எடுக்காதே" என்கிறார், அவ்வளவுதான். தே தாரிக் (இழுத்து ஆற்றும் டீ) போடும் அண்ணன் கையிலிருக்கும் கடைசி கிளாஸை இழுத்து முடிக்கிறார். அப்புறம் வெந்நீர் அடுப்பு அணைகிறது. அப்புறம் கேஸ் வால்வு. மெயின் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் கடைசி. காலையில் வந்து பார்த்தால் இதே வேலை தலைகீழாக நடக்கும்.

லினக்ஸின் மையமான கெர்னலும் கிட்டத்தட்ட இப்படித்தான் கடை கட்டுகிறது. சாதனங்கள் பதிவாகிற வரிசையிலேயே ஒரு பட்டியலில் சேர்கின்றன. டிபிஎம் லிஸ்ட் என்பார்கள். ஒரு சாதனம் எதில் செருகியிருக்கிறதோ அது அதன் தாய். தாய் பதிவான பிறகுதான் பிள்ளை பதிவாகும் என்பதால், பட்டியலில் தாய் எப்போதும் முன்னால் நிற்கும். எழுப்பும்போது தலையிலிருந்து வால் வரை போவார்கள். தூங்க வைக்கும்போது வாலிலிருந்து தலைக்கு வருவார்கள். யூஎஸ்பி கன்ட்ரோலரை முதலில் தூங்க வைத்துவிட்டால், அதில் செருகிய கீபோர்டிடம் 'நீயும் தூங்கு' என்று சொல்ல வழி ஏது?

ஒரு விதிவிலக்கு உண்டு. தூங்க வைப்பதற்கு முன்னால் 'பிரிப்பேர்' என்று ஒரு சுற்று வருகிறது. அது மட்டும் தலையிலிருந்து வாலுக்குப் போகும். 'இனி உன் கீழே புதுப் பிள்ளை எதையும் பதிவு செய்யாதே' என்று தாயிடம் முதலில் சொல்லிவிட வேண்டும், அதற்காக. முதலாளி ஆர்டரை நிறுத்தினாரே, அதுதான் இது.

அப்புறம் சஸ்பெண்ட், சஸ்பெண்ட் லேட், சஸ்பெண்ட் நோ-ஐஆர்க்யூ என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டம் எதற்கு? ஐஆர்க்யூ என்றால் இன்டர்ரப்ட், 'என்னைக் கவனி' என்று சாதனம் கெர்னலைக் கூப்பிடுவது. இரண்டு சாதனங்கள் ஒரே இன்டர்ரப்ட் லைனைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று கரன்ட் இல்லாமல் தூங்குகிறது, மற்றது கூப்பிடுகிறது. கெர்னல் இருவரின் ஹேண்ட்லரையும், அதாவது கூப்பிட்டால் ஓடும் நிரலையும், எழுப்பும். தூங்குகிற சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படிக்கப் போனால் குப்பை வரும், சில சிப்புகளில் மொத்தமும் உறைந்துவிடும். ஆகவே ஹேண்ட்லர்களை வாயடைத்துவிட்டு, அதற்கு மேல்தான் சில வேலைகளைச் செய்கிறார்கள்.

சரி, தாய்க்கு முன் பிள்ளை தூங்கினால் எல்லாம் சுபம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

[திரையில்: இரண்டு ஐ2சி பஸ்கள். ஒன்றில் டச் சிப். மற்றதில் எக்ஸ்பாண்டர். டச் சிப்பிலிருந்து எக்ஸ்பாண்டருக்கு ஒரு சிவப்புக் கோடு.]

கண்ணனைப் பெற்றவள் தேவகி, சோறு ஊட்டியவள் யசோதை. எங்கள் டச் சிப்புக்கும் அதே கதைதான். அது பிறந்தது ஐ2சி பஸ் ஒன்றில். சிப்புகள் பேசிக்கொள்ளும் கம்பிப் பாதைதான் பஸ். ஆனால் அதன் ரீசெட் பின்னை (விடுவிக்கும் வரை சிப்பை முடக்கி வைக்கும் கால்) பிடித்திருப்பது ஒரு ஜிபிஐஓ எக்ஸ்பாண்டர். பின்கள் போதாதபோது கூடுதலாகச் சேர்க்கும் சின்ன சிப் அது, உட்கார்ந்திருப்பது பஸ் மூன்றில். கெர்னலின் குடும்ப மரத்தில் தேவகி மட்டும்தான் இருக்கிறாள். யசோதை யாரென்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் முதலில் எப்படி ஒழுங்காக ஓடியது? அதிர்ஷ்டம்தான். பூட் ஆகும்போது டச் டிரைவர், அதாவது டச் சிப்பை இயக்கும் நிரல், எக்ஸ்பாண்டரைத் தேடியது. அது இன்னும் தயாராகவில்லை. 'அப்புறம் வா' என்று கெர்னல் திருப்பி அனுப்பியது. இதை டிஃபர்டு ப்ரோப் என்பார்கள். மறுபடி முயலும்போது கெர்னல் அந்தச் சாதனத்தைப் பட்டியலின் வாலுக்கு நகர்த்திவிடும். எக்ஸ்பாண்டருக்குப் பின்னால் டச் போய் நின்றது. வரிசை தானாகச் சரியானது, எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை.

பிறகு போர்டு எழும் நேரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். நாங்கள் டச் டிரைவருக்கு அசிங்க் சஸ்பெண்டைப் போட்டுவிட்டோம். 2010இலேயே கெர்னலுக்கு வந்த வசதி இது. அசிங்க் என்று குறித்த சாதனங்கள் வரிசையில் நிற்காமல் தனித்தனித் திரெட்டில் (ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலையில்) எழும். எழும்போது தாய்க்காக மட்டும் காத்திருக்கும். டச் தன் தாயான பஸ் ஒன்று எழுந்ததும் எழுந்துவிட்டது. பஸ் மூன்று சில நேரம் அதற்கு முன்னே எழும், சில நேரம் ஒரு கண்ணிமைப்பு பிந்தும். பிந்திய நாளில் வந்தது வினை.

[திரையில்: லாக்கில் ஒரு வரி வட்டமிடப்படுகிறது.]

'டிரான்ஸ்ஃபர் வைல் சஸ்பெண்டட்', அதாவது தூங்கும்போதே தகவல் அனுப்பும் முயற்சி. பஸ் மூன்றின் பெயரோடு இருந்த இந்த வரியை எக்ஸ்பாண்டர் கோளாறு என்று நினைத்து நான் மூன்று நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். உள்ளே நடந்தது இது: டச் டிரைவர் 'ரீசெட்டை விடுவி' என்று கேட்டது, தூங்குகிற பஸ் மைனஸ் 108 என்ற பிழை எண்ணைச் சொல்லி மறுத்தது. ஆனால் பின்னை மாற்றச் சொல்லும் ஃபங்ஷன் எங்கள் 5.10 கெர்னலில் எந்தப் பதிலும் தராத வகை. டிரைவர் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டது. சிப் ரீசெட்டிலேயே கிடந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். தூங்கப் போகும்போது ஒரு சாதனம் பிழை சொன்னால் கெர்னல் மொத்தத் தூக்கத்தையும் கைவிட்டு, தூங்கியவர்களைத் திரும்ப எழுப்பும். எழும்போது பிழை வந்தால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் எழும் பக்கத்துப் பிழைகள் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன.

மருந்து டிவைஸ் லிங்க். 2017இல் 4.10 கெர்னலோடு வந்தது. 'இவர் சப்ளையர், நான் கன்ஸ்யூமர்' என்று டிரைவர் ஒரு வரி எழுதினால் போதும். கெர்னல் பட்டியலையும் சரிசெய்யும், அசிங்க் திரெட்டையும் சப்ளையருக்காகக் காக்க வைக்கும். நீ எனக்கு, நான் உனக்கு என்று வட்டமடித்தால் லிங்க் போடவே மறுத்துவிடும், அதுவும் நல்லதுதான். 2021இல் வந்த 5.13 முதல் இந்த லிங்க்குகளை டிவைஸ் ட்ரீயை (போர்டில் எது எதோடு இணைந்திருக்கிறது என்ற விவரக் கோப்பு) படித்துத் தானே போடும் வசதி இயல்பாகவே இயங்குகிறது. எங்களுடையது அதற்கு முந்தையது. கையால் எழுதினோம்.

உங்களிடமும் இப்படி ஒரு போர்டு இருந்தால், சிஸ் கோப்புறைக்குள் பவர் என்ற இடத்தில் பிஎம் அசிங்க் என்ற ஃபைலில் பூஜ்யம் எழுதிப் பாருங்கள். வியாதி மறைந்தால் வரிசையைச் சந்தேகப்படுங்கள். அதை அப்படியே விட்டு வைப்பது வைத்தியம் ஆகாது. அதன் பக்கத்திலேயே பிஎம் டெஸ்ட் இருக்கிறது. அதில் 'டிவைசஸ்' என்று எழுதிவிட்டுத் தூங்கச் சொன்னால் சாதனங்கள் மட்டும் தூங்கி, ஐந்து வினாடியில் எழுந்துவிடும். முழுத் தூக்கம் வேண்டாம்.

லிங்க் போட்ட வெள்ளிக்கிழமை மாலை இதையே ஒரு லூப்பில் ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை கோப்பியைக்கூடத் தொடாமல் லாக்கில் அந்த வரியைத் தேடினேன். இல்லை. ஒரே ஒரு தடவை வைஃபை மட்டும் எழவில்லை. அதை இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.