பார்த்த கோயில்களும் பாராத ஊர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் நிலவியல் அறிஞன் அல்லன். அவ்வாண்டின் தொடக்கத்தில் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் ஆகிய நகரங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவன் என்பதே எனக்குள்ள தகுதி. ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குள், நான் நின்று பார்த்த முற்றங்கள் செங்கற்குவியல்களாகத் தொலைக்காட்சியில் தெரிந்தன. அத்தகைய வேளையில் மனம் முதலில் கணக்கெடுக்கத்தான் தொடங்குகிறது. அந்தக் கோயில் நிற்கிறதா, இந்தக் கோபுரம் விழுந்ததா என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறது. அந்தத் தேடல் இயல்பானது. ஆயினும் அது எத்தனை பேரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அன்று சனிக்கிழமை. நேபாள நேரப்படி முற்பகல் 11 மணி 56 நிமிடத்துக்கு, காத்மாண்டுவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கோர்க்கா மாவட்டத்துப் பார்பாக் என்னும் மலையூரை ஒட்டி நிலத்தடிப் பிளவு நழுவியது. அளவு 7.8. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் இமயத்தின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்த நகர்வு சிக்கி நின்றுபோன இடத்தில், பல தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த இறுக்கம் ஒரு நிமிட அளவில் விடுபட்டது. நழுவல் கிழக்கு நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் மேல் பரவியது. காத்மாண்டு நகரமே தெற்கு நோக்கி ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் நகர்ந்ததோடு, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தும் விட்டது. கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தனர். ஐந்து லட்சம் அளவிலான வீடுகள் முற்றாக இடிந்தன. மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் ஒரு பெருநடுக்கம் வந்து, எஞ்சியிருந்தவற்றையும் சாய்த்தது.

என் கணக்குக்கு வருகிறேன். காத்மாண்டு அரண்மனைச் சதுக்கத்தில் மரத்தாலான காஷ்டமண்டபம் முழுவதுமாக விழுந்தது. அப்போது அதனுள்ளே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. ஒன்பது அடுக்குத் தரஹரா கோபுரம் அடிக்கட்டு மட்டும் மிஞ்ச முறிந்தது. பாட்டனில் ஹரிசங்கரர் கோயிலும் சார் நாராயணர் கோயிலும், பக்தபூரில் வத்சலா தேவியின் கற்கோயிலும் சரிந்தன. மறுபக்கம், தென்னாட்டுப் பட்டர்கள் பூசை செய்யும் பசுபதிநாதரின் கருவறைக் கோயில் நின்றது. பாட்டனில் 1637-இல் எழுந்த கிருஷ்ணர் கோயில் காயங்களோடு நின்றது. பக்தபூரில் 1702-இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில், 1934-ஆம் ஆண்டின் பெருநடுக்கத்தைத் தாங்கியது போலவே இதையும் தாங்கியது.

பசுபதிநாதர் தம் கோயிலைக் காத்துக்கொண்டார் என்று பலர் பேசினர். பக்தரின் ஆறுதலை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால், அந்தப் பேச்சை நீட்டினால் விழுந்த வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார் என்ற கேள்வியில் போய் நிற்கிறது. இந்தக் கேள்விக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் அந்தப் பெருநடுக்கம் உலுக்கிய சில நாள்களுக்குப் பின், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் தமிழ்நாட்டுக்கு வந்திருந்த காந்தியடிகள், திருநெல்வேலியில் பேசுகையில், அது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்றார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவரோடு ஒன்றுபட்டிருந்த தாகூர், இயற்கையின் நிகழ்வுக்கு இப்படி அறக்காரணம் கற்பிப்பது மக்களின் பகுத்தறியாமையை வளர்க்கும் என்று மறுத்து எழுதினார். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம் இதழிலேயே வெளியிட்டார். நோக்கம் எத்தனை உயர்ந்ததாயினும், இந்த வழக்கில் தாகூரின் பக்கமே நான் நிற்பேன்.

எது நின்றது, எது விழுந்தது என்பதற்கு மண்ணிலும் கட்டுமானத்திலும் காரணம் தேடலாம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பழைய ஏரியின் படுகை. ஆழமான களிமண்ணும் வண்டலும் நிரம்பியது. 2015-இல் அந்தப் படுகை, ஓர் அசைவுக்கு நான்கைந்து நொடி எடுக்கும் மெதுவான ஆட்டத்தைப் பெரிதாக்கியது. ஊஞ்சலை அதன் வீச்சுக்கு ஒத்துத் தள்ளினால்தான் அது மேலே எழும். இரண்டு மூன்று மாடி வீடுகளின் இயல்பான அசைவு ஒரு நொடிக்கும் மிகக் குறைவானது. ஆகவே மெதுவான ஆட்டம் அவற்றை அவ்வளவாகப் பற்றிக்கொள்ளவில்லை. உயர்ந்த கட்டடங்களையே அது அதிகம் வருத்தியது. நெருக்கமான அந்த நகரம் பலர் அஞ்சிய அளவுக்கு அழியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். காஷ்டமண்டபத்தின் கதை வேறு. அதன் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்த தொல்லியலாளர்கள், அது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும், நடுக்கத்தில் கெடவில்லை என்றும் கண்டார்கள். நான்கு பெருந்தூண்களுள் ஒன்றின் அடிப்பிணைப்பு மட்டும் நெடுநாள் முன்பே பழுதுபட்டிருந்தது. ஆயிரம் ஆண்டுப் பழைமை அந்த மண்டபத்துக்குக் குறையாக இருக்கவில்லை. கவனிக்கப்படாத ஒரு மூட்டுத்தான் குறை.

இதுவரை நான் பேசியது அனைத்தும் சுற்றுலாப் பயணியின் வரைபடத்துக்குள் அடங்கியது. இறந்தவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். காத்மாண்டுவுக்கு வடகிழக்கே, திபெத்துக்குப் போகும் சாலை ஊடே செல்லும் அந்த மாவட்டத்தை நான் பார்க்கவில்லை. தெளிவான நாளில் பள்ளத்தாக்கின் விளிம்பில் தெரியும் மலைகள் என்ற அளவில்தான் அதை அறிந்திருந்தேன். தொடங்கிய இடம் மேற்கே கோர்க்காவாக இருந்தும், நழுவல் ஓடி முடிந்த திசையில் அந்த ஊர்கள் இருந்தன. அங்கே வீடு என்பது கல்லையும் மண்ணையும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர். கற்களைப் பிணைக்கச் சிமென்டும் இல்லை, சுவரையும் சுவரையும் மூலையில் சேர்த்துக் கட்ட மரச்சட்டமும் இல்லை. நிலம் பக்கவாட்டில் அசைந்ததும் சுவர்கள் தனித்தனியே வெளிப்புறம் சாய, கூரை உள்ளே இறங்கிவிடும். வடக்கே லாங்டாங் ஊரை மலையிலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் ஏறத்தாழ முழுவதுமாக மூடின. நடுக்கம் பகலில் வந்ததால் பெரியவர்கள் பலர் வயலில் இருந்தார்கள். சனிக்கிழமை நேபாளத்தின் வார விடுமுறையாதலால், பல்லாயிரம் வகுப்பறைகள் ஆளின்றி இடிந்தன. கிழமையும் வேளையும் மாறியிருந்தால் இறந்தோர் தொகை எங்கே போய் நின்றிருக்குமோ!

உலகம் கவலைப்பட்ட கோயில்களுக்கு உலகம் உதவியது. பௌத்தநாதர் தூபியின் உச்சிப்பகுதி 2016-க்குள் செப்பனிடப்பட்டது. தரஹரா புதிதாய் எழுந்து 2021-இல் திறப்புவிழா கண்டது. காஷ்டமண்டபத்தை ஊர் மக்களே முன்னின்று பழைய முறைப்படி மரத்தால் கட்டினார்கள். இவற்றுள் கடைசியை நான் மிகவும் மதிக்கிறேன். புதிய தரஹராவைப் பற்றி என்னிடம் அத்தகைய உற்சாகம் இல்லை. ஆனால், உண்மையான பெரும்பணி வீடுகளில் நடந்தது. தேசிய மறுகட்டுமான ஆணையம் 2015 இறுதியில்தான் வேலையைத் தொடங்கியது; அந்தக் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் தகரக்கொட்டகையில் கழித்தன. அதன்பின் வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய் தவணைகளாகத் தரப்பட்டது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்து ஒப்பிய பிறகே அடுத்த தவணை கிடைத்தது. சன்னல் மட்டத்திலும் கதவுக்கு மேலும் சுவரைச் சுற்றி மரத்தாலோ கான்கிரீட்டாலோ கட்டுப்பட்டை போட வேண்டும் என்பது அந்தச் சோதனையின் உயிர்நாடி. அந்தப் பணம் முழு வீட்டுக்குப் போதவில்லை என்பதும், கடன் வாங்கி ஓரறை வீடு மட்டும் கட்டியவர்கள் பலர் என்பதும் உண்மையே. ஆயினும் அந்த ஓரறையின் சுவர் மூலைகள் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

2023 நவம்பர் 3 அன்று, நள்ளிரவை நெருங்கும் வேளையில், மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட்டில் நிலம் நடுங்கியது. 2015-ஐ நோக்க மிகச் சிறிய நடுக்கம். ஆனால் 150-க்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே புதைந்தனர். அதே கல், அதே மண், அதே பிணைக்கப்படாத மூலைகள். 2015 நடுக்கத்தில் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கே உதவியும் சோதனையும் சென்றன. ஜாஜர்கோட் அவற்றுள் இல்லை. 1505-க்குப் பிறகு பெருநடுக்கம் காணாத மேற்கு நேபாளத்தில் இறுக்கம் சேர்ந்துகொண்டிருப்பதாக அறிஞர்கள் நெடுநாளாக எச்சரிக்கிறார்கள். இடிந்த வீட்டுக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியை, இன்னும் இடியாமல் நிற்கும் அந்த வீடுகளின் சுவர்களைப் பிணைக்க முன்கூட்டியே தரலாம். அந்த மலையூர்களில் அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கொத்தர்களை 2015-க்குப் பிந்தைய மறுகட்டுமானமே ஆயிரக்கணக்கில் உருவாக்கி வைத்திருக்கிறது.

வணக்கம்.