அப்பா என்ன விருந்தாளியா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, பெற்றோர் பிரிந்தபின் பிள்ளைக்கு நல்லது ஒரே வீடா, இரண்டு வீடுமா என்பது தலைப்பு. இரண்டும்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய அம்மையார், "ஐந்து வயதுவரை பிள்ளை தாயிடம் என்று சட்டமே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன பேச்சு?" என்று கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். நானும் தட்டினேன். ஆனால் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாண்மைச் சட்டத்தில் அவர் 6ஆம் பிரிவோடு நின்றுவிட்டார். அதுவும் 'சாதாரணமாக' என்றுதான் சொல்கிறது. 13ஆம் பிரிவுவரை போயிருந்தால், பிள்ளையின் நலனே முதன்மை என்று இருப்பதைப் பார்த்திருப்பார். அங்கே அம்மா ஜெயித்தாரா, அப்பா ஜெயித்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை.

வாரம் ஒரு தடவை, நீதிமன்றம் குறித்துக் கொடுத்த இடத்தில் பிள்ளையைப் பார்க்கிற ஒரு அப்பாவைக் கவனியுங்கள். கையில் புது பொம்மை, முறுக்குப் பொட்டலம். "நல்லா படிக்கிறியா?" "ம்." "சாப்பிட்டியா?" "ம்." அதோடு சரி, பேச்சு தீர்ந்தது. பாசம் இல்லாமலா? பிள்ளையின் ஹோம்வொர்க்கில் அவர் இல்லை, வேனில் நடந்த சண்டையில் இல்லை, காய்ச்சலில் இல்லை. பேச எங்கிருந்து விஷயம் வரும்?

"ஆவடிக்கும் அடையாறுக்கும் பிள்ளையை அலைக்கழிப்பதா?" என்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் நாளைப் பாதிப் பாதியாக வெட்டச் சொல்லவில்லையே! பள்ளி நாளெல்லாம் அம்மா வீடு. வெள்ளி சாயங்காலம் அப்பா வந்து அழைத்துப் போகட்டும். கோடை விடுமுறையில் பாதி அங்கே. தீபாவளி இங்கே என்றால் பொங்கல் அங்கே. நடுவில் வீடியோ கால். இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் வாசலில் நின்று சண்டை போடவேண்டாம். பிள்ளை வளர வளர, ஏற்பாட்டை மாற்றக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. சட்ட ஆணையமே 2015இல் தன் 257ஆவது அறிக்கையில் பிள்ளையை இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்புக்கு வழி செய்யப் பரிந்துரைத்ததே, எதிரணி அதைத் தொடவே இல்லை.

அடிக்கிற வீட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை, அதில் நமக்குள் சண்டையே கிடையாது.

எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், ஐயா. அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. அப்பாவைக் கூப்பிடலாமா, இல்லை அடுத்த சனிக்கிழமைதான் அவர் முறை என்று விட்டுவிடலாமா? மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன்.