கறுப்பி நடக்கிற வேகத்தில் ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் கென்னட் அண்ட் ஏவன் என்ற கால்வாயில், நேரோபோட் என்ற நீண்டு ஒடுங்கிய படகில், நானும் என் கணவரும் நான்கு வருடமாகக் குடியிருக்கிறோம். கூட எங்கள் நாய் கறுப்பி இருக்கிறாள். லாப்ரடார் கலப்பு, ஒன்பது வயது, 28 கிலோ. படகின் நீளம் 57 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். இந்தக் கணக்கைச் சொன்னதும் அம்மா ஃபோனில் கேட்டது எங்களைப் பற்றி இல்லை. "அந்த வாயில்லா ஜீவனை ஏன்டி ரயில் பெட்டி மாதிரி ஒண்ணுக்குள்ள அடைச்சு வச்சிருக்க?" என்றார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பதிலையே சொல்லிவிடுகிறேன்.

படகு ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்றால், 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் நடு இங்கிலாந்துக் கால்வாய்களில் கட்டிய லாக்குகள் சுமார் 7 அடி அகலம்தான். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு போட்ட கல் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றினால் படகு மேலே வரும். வடித்தால் கீழே இறங்கும். மேடு பள்ளத்தைக் கால்வாய் கடப்பது இப்படித்தான். அந்தத் தொட்டிக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகப் படகையும் அந்த அளவில் செய்தார்கள், இன்றும் அதே அளவில்தான் செய்கிறார்கள். எங்கள் கால்வாயில் லாக்குகள் அகலமானவை, இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஆனாலும் மற்ற கால்வாய்களுக்கும் போக வேண்டுமே.

சரி, அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். படகு ஒடுக்கம்தான், ஆனால் கறுப்பியின் வீடு படகோடு முடிவதில்லை. காலையில் கதவைத் திறந்தால் இரண்டு படி ஏறி ஒரு எட்டு வைத்ததும் கரை. அந்தக் கரையை ஒட்டியே ஒரு மண் பாதை போகிறது. எஞ்சின் வருவதற்கு முன் குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துப் போன பாதை அது. இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் நாய்களும் போகிறார்கள். ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல் வரை 87 மைல். அத்தனையும் அவளுக்கு வாசல்.

வாசலும் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு நிரந்தரமாகப் படகு கட்டும் இடம் கிடையாது. அப்படி இடம் இல்லாமல் உரிமம் வாங்கியவர்கள் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, 1995இல் வந்த சட்டம் அது. நாள் முடிந்ததும் முளையைப் பிடுங்கிக் கிளம்புவோம். ஆமாம், முளைதான். மாட்டுக்கு அடிப்பது போலவே கரையில் இரும்பு முளை அடித்துத்தான் படகைக் கட்டுகிறோம். முளையில் சுத்தியல் படும் சத்தம் கேட்டதும் கறுப்பிக்கு விஷயம் தெரிந்துவிடும். புது ஊர், புது வாசனை. வால் நிற்காது.

கால்வாயில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. நாங்கள் 3 மைல் போவதே அதிகம், அதிலும் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறைக்க வேண்டும். என் கணவர் சுக்கானைப் பிடிப்பார், நானும் கறுப்பியும் கரையில் கூடவே நடப்போம். சில நேரம் நாங்கள் முந்திப் போய்ப் பாலத்தடியில் காத்திருப்போம். தன் வீடு தன் பக்கத்திலேயே, தான் நடக்கிற வேகத்தில் வருவது எத்தனை நாய்க்குக் கிடைக்கும்? அவள் நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் படகைப் பார்ப்பாள். வருகிறது என்று தெரிந்தால் மறுபடி நடப்பாள்.

சிரமம் இல்லாமல் இல்லை. குடிதண்ணீர் தொட்டியை நிரப்ப வேண்டும், கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், இரவு எட்டு மணிக்கு மேல் நின்ற இடத்தில் எஞ்சின் ஓட்டக் கூடாது. அதெல்லாம் பழகிவிடும். எனக்கு இன்றுவரை தீராத வழக்கு வெயில்காலத்து நிழல்தான். படகு முழுக்க இரும்பு. ஜூலை வெயிலில் கூரையில் கை வைக்க முடியாது, அவள் பாதம் என்ன ஆகும்? மரத்தடியில் கட்டினால் அவளுக்குச் சுகம், ஆனால் கூரையில் இருக்கும் சோலார் தகடுக்கு வெயில் படாது, பேட்டரி ஏறாது. நாங்கள் மரத்தடியில்தான் கட்டுகிறோம். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பாலை அன்றன்றைக்கு வாங்குவோம்.

இனி சொல்லப் போவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

இரண்டாவது வருடம், ஆகஸ்ட் மாதம். கால்வாயின் ஒரு ஓரத்தில் பாசி படர்ந்திருந்தது. மிளகு அளவு பச்சை இலைகள், இடைவெளியே இல்லாமல். பார்த்தால் வெட்டிவிட்ட புல்வெளிதான். கறுப்பி ஒரு வாத்தைப் பார்த்துக்கொண்டே அதன் மேல் கால் வைத்தாள். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. பச்சையில் ஒரு கறுப்பு ஓட்டை விழுந்தது, அது மூடிக்கொண்டது.

உடனே மேலே வந்துவிட்டாள். லாப்ரடார், நீந்தத் தெரியும். அதனால்தான் நான் அதுவரை கவலையே படாமல் இருந்தேன். ஆனால் நீந்தி எங்கே போவது? அந்தக் கரை செங்குத்தாக இரும்புத் தகடு அடித்தது. கால்வாய் பெரும்பாலும் நாலடி ஆழம்கூட இருக்காது, மனிதர் விழுந்தால் எழுந்து நிற்கலாம். நாய் நிற்க முடியாது. தகடு நகத்துக்குப் பிடி கொடுக்காது. அவள் முன்னங்காலால் அதைப் பிறாண்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மண்ணில் குப்புறப் படுத்து அவள் கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். நனைந்த 28 கிலோ. தூக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பட்டை தலைவழியே கழன்று வர ஆரம்பித்தது. அந்த நேரம் சைக்கிளில் வந்த ஒருவர் வண்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் படுத்து அவள் பிடரித் தோலைப் பிடித்தார். இருவருமாக இழுத்துப் போட்டோம். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அவளுக்கு அப்போது ஒரு மிதவைச் சட்டை இருந்தது. முதுகில் பெட்டிக்கு இருப்பது போலக் கைப்பிடி வைத்துத் தைத்தது. விழுந்தால் அந்தப் பிடியில் கை கொடுத்து ஒரே தூக்கில் எடுத்துவிடலாம். அன்று வெயில் என்று உள்ளே மாட்டி வைத்திருந்தேன்.

நாயோடு படகில் ஒரு வாரம் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் இதையேதான் கெஞ்சிக் கேட்கிறேன். நீந்தும் என்று நம்பி விடாதீர்கள், கரையேறுமா என்று பாருங்கள். லாக்குக்குள் அது இன்னும் கொடுமை. படகுக்கும் கல்சுவருக்கும் நடுவில் விழுந்தால் நசுங்கிவிடும். டிவைசஸ் ஊர் ஓரமாக, கேன் ஹில் வழியில், இரண்டு மைலுக்குள் 29 லாக், 237 அடி ஏற்றம். முழு வழியும் ஏற எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆகும். அந்த ஆறு மணி நேரமும் கறுப்பி தண்ணீரிலிருந்து தள்ளி ஒரு வேலிக் கம்பத்தில் கட்டப்பட்டிருப்பாள், ஒவ்வொரு லாக்குக்கும் ஒரு கம்பம். கதவைத் தள்ளும் நீளக் கட்டையில் மட்டும் கட்டக் கூடாது, கதவு திறக்கும்போது அது நகரும். அப்புறம், கால்வாயில் எலி உண்டு, எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். தடுப்பூசி தவறக் கூடாது.

குளிர்காலத்தில் அம்மா வந்து பார்க்க வேண்டும். சின்ன இரும்பு அடுப்பில் இரவு முழுக்கக் கரி கனியும், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மேல் ஐஸ் படிந்திருக்கும். கறுப்பி அடுப்புக்கு முதுகைக் காட்டிப் படுத்திருப்பாள். ஒடுக்கமான வீட்டில் அவளைச் சுற்றிப் போக இடமில்லை, காப்பி போடப் போகிற ஒவ்வொரு முறையும் நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கண் திறக்க மாட்டாள், காதை மட்டும் மடக்குவாள்.

இப்போது அவளால் கரைக்கு எட்டிக் குதிக்க முடியவில்லை, ஒரு பலகை வைத்திருக்கிறோம். இன்று காலையும் பலகை போட்டாயிற்று, கதவும் திறந்திருக்கிறது, வெளியே வாத்துகள் கத்துகின்றன. அவள் படியில் நின்று என்னைப் பார்க்கிறாள். சட்டையைப் போட்டு, வயிற்றுக்கடியில் பட்டையை இழுத்து, கிளிப்பை மாட்டுகிறேன். டிக் என்ற அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பலகையில் கால் வைக்கிறாள்.