வெயில் வேறு, வெளிச்சம் வேறு

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 32 வருஷம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நான். நான் ஜன்னல் பேச்சை எடுத்தால் வீட்டில் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

எங்கள் பழைய ஆபீஸ் பலகைக் கட்டடம். கூரை நன்றாக இறங்கி நிற்கும். என் மேசை வடக்கு ஜன்னலோரம். நாக்கோ ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் ஒன்று உடைந்துபோய், அந்த இடத்தில் மைலோ டின் தகரத்தைச் செருகியிருந்தோம். செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால், காலையில் ஆள்களுக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம், செம்பருத்தி வேலி, அதற்கப்பால் பால்மரம். கண் ஆறிவிடும். வெயில் மேசைக்கு வராது, வெளிச்சம் வரும். வெயில் வேறு, வெளிச்சம் வேறு. இதை இன்னும் ஒரு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கு வேலையை டவுனில் ஒரு கடைவீட்டு மாடிக்கு மாற்றினார்கள். மேற்கு பார்த்த கண்ணாடி. நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் தெரியாது. புகார் சொன்னோம், கறுப்பு டின்டட் தாள் ஒட்டி, அதன்மேல் திரைச்சீலையும் போட்டுவிட்டார்கள். மழை பெய்ததே படியிறங்கும்போதுதான் தெரியும். நான் 3ஐ 8 என்று எழுத ஆரம்பித்தேன். வயசாகிவிட்டது என்றார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்டு போனது. பின்கதவைத் திறந்து, மேசையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, கையாலேயே கூட்டினேன். மாதக் கணக்கு முதல் தடவையிலேயே சரியாக வந்தது! கரண்டு வந்ததும் மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார், ஏர்கோன் காற்று வீணாகிறதாம். நான் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஆபீஸில் எனக்கு நல்ல பேர் போனது அன்றிலிருந்துதான்.

சும்மா சொல்லவில்லை. மேகம் மூடிய பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும்; ஆபீஸ் மேசைக்கு விளக்குப் போட்டால் 300, 500. பார்ப்பதற்கு மட்டுமல்ல கண். உடம்பின் கடிகாரத்துக்குப் பகல் வந்துவிட்டதென்று சொல்லும் தனி செல்கள் விழித்திரையில் இருப்பதை 2002இல் உறுதிப்படுத்தினார்கள். பகலெல்லாம் மங்கலில் உட்கார்ந்தவனுக்கு ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் மேசையில் கொட்டாவி. பார்வைக்கு மரம் இருப்பதும் பெரிய காரியம். அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் 1984இல் எழுதினார்: அறுவைச் சிகிச்சை முடிந்து, ஜன்னலில் மரம் தெரிந்த கட்டிலில் படுத்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

அப்படியானால் வெப்பத்துக்கு என்ன வழி? நம் ஊரில் சூரியன் தலைக்கு மேலே. வடக்கு, தெற்கு ஜன்னலுக்குக் கூரை நீட்டினாலே போதும். கிழக்கிலும் மேற்கிலும்தான் தாழ்ந்து வந்து உள்ளே நுழைகிறது. அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். உள்ளே வந்த சூட்டைத் திரைச்சீலை என்ன செய்யும்? புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடத்தைப் பாருங்கள். மேலே அகலம், கீழே குறுக்கம். சுவரே கண்ணாடிக்குக் குடை. வெயில் வேறு, வெளிச்சம் வேறு என்று தெரிந்தவர்கள் கட்டியது. கறுப்பு டின்டட் இரண்டையும் சேர்த்து விரட்டுகிறது.

கண்ணாடி வகைகளைப் பற்றியும் சொல்ல வந்தேன், ஒலிப்பதிவுத் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் வைட்டமின் டி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது, அதற்கான கதிரைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும். வெளியே இறங்கத்தான் வேண்டும். நானும் இறங்குகிறேன், இந்த ஒலிப்பதிவு அறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. வணக்கம்.