ஆயாவுக்கும் ஒரு முட்டை

(வேலூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் கண்புரை பற்றி அருமையாகப் பேசிய டாக்டர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த நிர்வாகி அவர்களே, ஆற்காட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், துண்டு போதும் என்று கேட்டிருந்தேன். அதை மறக்காமல் செய்த செயலாளருக்குத் தனி நன்றி.

நான் டாக்டர் இல்லை. 34 வருஷம் பி.டி. மாஸ்டர். இன்றைக்கு மூன்று விஷயம் சொல்ல வந்தேன். உடம்புக்குள் அணையாமல் கனலும் அழற்சி ஒன்று, அது கரைக்கும் தசை ஒன்று, மூன்றாவது பல்லும் தூக்கமும். மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: குந்தித் தின்றால் குன்றும் மாளும். சொத்துக்குச் சொன்னது என்பார்கள். தொடைக்கும் சேர்த்துச் சொன்னது என்பேன் நான்.

காலில் முள் குத்தினால் வீங்குகிறது, சிவக்கிறது, சுடுகிறது. நாலு நாளில் ஆறிவிடுகிறது. அது நல்ல அழற்சி. உடம்பு தன்னைக் காத்துக்கொள்கிற வேலை. வயதானபின் வருவது வேறு. நீறுபூத்த நெருப்பு மாதிரி, வலியும் இல்லாமல் வீக்கமும் இல்லாமல் வருஷக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். முதுமையோடு வரும் இந்தக் கனலுக்கு இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கி என்ற விஞ்ஞானி 2000-ல் தனிப்பெயரே வைத்தார். ரத்தத்தில் சி.ஆர்.பி., இண்டர்லூகின்-6 என்று அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களைப் பார்க்கிறார்களே, அவை இதன் புகை. தொப்பைக் கொழுப்பும், கட்டுப்படாத சர்க்கரையும், பீடி சிகரெட்டும் இதற்கு விறகு. இந்தக் கனல் தசையைக் கரைக்கிற வேலையை வேகப்படுத்தும். சாப்பிட்ட புரதம் தசையாகிற வேலையை மந்தமாக்கும். தசை குறைந்தால் உட்காருவோம், உட்கார்ந்தால் தொப்பை, தொப்பையால் மறுபடி கனல்.

இதைப் புத்தகத்தில் படிக்கிறதுக்கு முன்னால் நான் குடியாத்தத்தில், என் பெரியம்மா வீட்டில் பார்த்தேன்.

தறி ஓடிய வீடு அது. 74 வயதிலும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுவார். நிமோனியா வந்து ஒரு மருத்துவமனையில் 9 நாள் இருந்தார். காய்ச்சல் போய்விட்டது. எழுப்பி நடக்க வையுங்கள் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் நாங்கள் மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. "அசையாதீங்க பெரியம்மா, ரெஸ்ட் எடுங்க" என்றவர்களில் பி.டி. மாஸ்டரான நானும் ஒருவன். வேளாவேளைக்கு அரிசிக் கஞ்சி.

நாலாவது வாரம் பாத்ரூமில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் மகனும் நானும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தேன். தலையணையை உருவிய உறை மாதிரி தோல் மட்டும் ஆடியது. பெரியம்மா சொன்னார்: "உங்க பெரியப்பா போனப்போகூட என்னை யாரும் தூக்கி நிறுத்தலடா."

பிசியோதெரபி படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள் என்றாள். பெரியம்மாவுக்கு எண்ணிக்கை நடுவிலேயே தப்பிப்போகும். பேத்திதான் வழி சொன்னாள்: "ஆயா, பஸ்ல போற மாதிரி ஸ்டாப் பேரைச் சொல்லிக்கிட்டே எழுந்திரு." குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி, வேலூர். ஐந்து ஸ்டாப், ஐந்து தடவை.

முதல் நாள் பஸ் குடியாத்தத்தைத் தாண்டவில்லை. பத்து நாளில் கே.வி.குப்பம். அப்புறம் லத்தேரியிலேயே வெகுநாள் நின்றது. "கேட் போட்டுட்டாங்கடா" என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று "இன்னைக்கு எதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், நாற்காலியின் கையைத் தொடாமல், "வேலூர்!" என்று கத்தினார். அடுத்த வெள்ளிக்கிழமை நிஜ பஸ் ஏறி வந்து, கோட்டை அகழியைத் தாண்டி நடந்துபோய் ஜலகண்டேஸ்வரரைப் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்; கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை போனது. 2007-ல் வந்த ஆய்வு அது. குந்தித் தின்றால் குன்றும் மாளும். படுத்துத் தின்றால் பத்தே நாள். திரும்பக் கட்டவும் முடியும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் காலால் எடை தூக்கிப் பழகினார்கள். வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. இது 1990-ல். உழைக்கும் தசை அழற்சியைத் தணிக்கிற பொருள்களையும் ரத்தத்தில் விடுகிறது என்பது அதற்குப் பிறகு தெரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு அந்த மூன்று மாதமும் தினம் முட்டையும் ஒரு கை கொண்டைக்கடலையும் கொடுத்தோம். வயதானவர்களுக்குத் தினம் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். 50 கிலோ ஆயாவுக்கு 50, 60 கிராம். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. இதில் அந்த 50 கிராம் எங்கே இருக்கிறது? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது.

1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கிய மாநிலம் இது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் 5 முட்டை கொடுக்கிறோம், பெருமைப்படுகிறோம். அதே சத்துணவுக் கூடத்தில், எரிகிற அதே அடுப்பில், முதியோர் உதவித்தொகை வாங்குகிற ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் ஒரு முட்டை வேக வைக்க முடியாதா? முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல் கொடுக்கலாம். வாங்க வருகிற நடையே பாதி வைத்தியம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லவில்லை; உட்கார வைத்து முட்டை கொடுத்தாலும் குன்று மாளத்தான் செய்யும். மாமன்ற உறுப்பினர் அவர்கள் இதை மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பல்லைச் சொல்ல மறந்தேன். ஈறில் ரத்தம் கசிந்தால் அதுவும் அந்தக் கனலுக்கு விறகுதான், பல் டாக்டரைப் பாருங்கள். தூக்கத்தைப் பற்றி இன்னொரு நாள் பேச வேண்டும்.

2019-ல் ஆசிய நிபுணர் குழு ஒன்று எளிய சோதனை சொன்னது. கையை மார்பில் கட்டிக்கொண்டு 5 தடவை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தசையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். முட்டை மனுவுக்கான கையெழுத்து நோட்டு வாசலில், சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால், தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்து ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் என்னோடு எழுந்திருங்கள். குடியாத்தம்...