பழைய தாரும் புதுத் தாரும் கலந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோடு மேலே மேலே உயர்ந்து, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்கள் நம் ஊர்களில் ஏராளம். அதனால்தான் 2021இல், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தளம் போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சரி, சுரண்டிய சரக்கு என்ன ஆவது? அதில் இருப்பது நல்ல ஜல்லி, ஒட்டியிருப்பது தார், இரண்டுமே காசு. புதுக் கலவையில் சேர்க்கலாம். ஆனால் அந்தத் தார் வெயிலிலும் காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்து இறுகிப் போயிருக்கும்.

எவ்வளவு இறுகியது என்று பார்க்க, 25 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 விநாடி தாரில் இறங்க விடுவோம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஓர் அலகு. விஜி-30 என்ற ரகத் தாரில் 45 அலகாவது இறங்க வேண்டும். பழைய தாரில் 15தான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலவையின் மொத்தத் தாரில் 30 சதவீதம் இது. மிச்சம், 85 இறங்கும் இளகிய ரகமான விஜி-10. சாதாரணச் சராசரி போட்டால் 64 வரும். அதை நம்பினால் ஏமாந்தோம். எண்களின் மடக்கையை, அதாவது லாகை, எடுத்துத்தான் சராசரி பார்க்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலை சொல்வதும் அதுதான். அப்படிப் பார்த்தால் 50. தப்பித்தோம். விஜி-10க்குப் பதில் 50 இறங்கும் விஜி-30ஐ ஊற்றினால் 35தான். சீக்கிரமே வெடிப்பு விடும்.

இந்தக் கணக்கு, பழைய தார் முழுக்க இளகிப் புதுசோடு கலந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. கலவை தயாரிக்கும் பிளான்டில் பழைய சரக்கை நேராகத் தீயில் காட்ட முடியாது, தார் கருகிவிடும். புது ஜல்லியைக் கூடுதலாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் இது இளக வேண்டும். குவியல் மழையில் நனைந்திருந்தால், ஈரத்தை விரட்டுவதிலேயே சூடு போய்விடும்.

கலவையைச் சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. தாரைப் பிரிக்கக் கரைப்பானில் போடுகிறோம்; அது பழசையும் புதுசையும் சேர்த்தே கரைத்துவிடும். பிளான்டில் கலக்காதது குடுவையில் கலந்துவிடுகிறது!

அமெரிக்காவில் 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பழைய சரக்கு 10 சதவீதம் இருந்தபோது பழைய தார் கலந்ததா இல்லையா என்பதால் வித்தியாசமே தெரியவில்லை. 40 சதவீதத்தில் தெரிந்தது. நடைமுறைக் கலவை, முழுக்கக் கலந்ததைப் போலவே நடந்துகொண்டது. நன்றாகச் சூடாக்கினால் கணக்கை நம்பலாம் என்றே இதை எடுத்துக்கொள்கிறேன். ஆகவே 30 சதவீதம் போடப் போகிறேன் என்று எந்த ஒப்பந்தக்காரர் வந்தாலும், பழைய சரக்குக்கு மேலே கூரை போட்டிருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். கணக்குத் தாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வணக்கம்.