ஜெமினி கணேசனை இனிமேல் ரசிக்கலாமா? ஒரு நேயரின் கேள்வி

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "மிஸ்ஸியம்மா பார்த்ததிலிருந்து ஜெமினி கணேசன் என்றால் எனக்கு உயிர். அப்புறம் அவர் மனைவி, நடிகை சாவித்திரியின் வாழ்க்கையைச் சொல்லி 2018-இல் வந்த நடிகையர் திலகம் படத்தைப் பார்த்தேன், சாவித்திரி பட்ட பாடு எல்லாம் தெரிந்தது. இப்போது ஜெமினி திரையில் சிரித்தாலே கோபம் வருகிறது. அவரை இனி ரசித்தால் தப்பா சார்?"

தம்பி, முதலில் உங்களுக்குப் பிடித்த அந்த மிஸ்ஸியம்மாவையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் வந்த படம். வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக, கல்யாணமே ஆகாத ஓர் ஆணும் பெண்ணும் புருஷன் பெண்டாட்டி என்று ஊரை ஏமாற்றுகிற கதை. ஆனால் நிஜத்தில் என்ன? அந்த ஜோடியாக நடித்த ஜெமினிக்கும் சாவித்திரிக்கும் 1952-லேயே ரகசியமாகக் கல்யாணம் ஆகிவிட்டது, வெளியே சொல்லவில்லை. ஜெமினிக்கு ஏற்கெனவே 1940-இல் கல்யாணமாகி வீட்டில் மனைவி இருந்தார். நடிகை புஷ்பவல்லியோடும் உறவு இருந்தது, 1954-இல் பிறந்த இந்தி நடிகை ரேகா அந்த வழியில் வந்த மகள்தான். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள், சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும். எனக்கு இரண்டும் வருகிறது, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

நடிப்பு விஷயத்துக்கு வருகிறேன், அதைத்தான் யாரும் சரியாகப் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் தொண்டையைத் திறந்து வசனம் பேசினால்தான் கைதட்டல். இவர் நாடக மேடையிலிருந்து வந்தவர் இல்லை, கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஜெமினி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். அதனாலோ என்னவோ, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது மாதிரி பேசினார். எதிரே இருப்பவர் பேசும்போது இவர் முகத்தைப் பாருங்கள், உண்மையிலேயே காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பாசமலரில் சிவாஜியும் சாவித்திரியும் அழுது தீர்க்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்ட புருஷனாக இவர் அடக்கி வாசிக்கவில்லை என்றால் அந்த அண்ணன் தங்கை கதைக்கு அவ்வளவு எடுப்பு இருந்திருக்காது. கல்யாணப்பரிசில், 1959-இல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படம், கடைசியில் கையில் குழந்தையோடு வந்து நிற்பாரே, அங்கே ஒரு நடிகனாக அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் சொல்லத் தோன்றவில்லை. (பாதி புகழ் பாடகர் ஏ. எம். ராஜாவின் குரலுக்குப் போக வேண்டும் என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம், ஒப்புக்கொள்கிறேன்.)

இதையெல்லாம் ரசிப்பது தப்பில்லை. எங்கே தப்பு ஆரம்பிக்கிறது என்றால், "அவர் காதல் மன்னன் இல்லையா, அப்படித்தான் இருப்பார்" என்று கண்ணடித்துச் சொல்லும்போது. அந்தப் பட்டம் திரையில் அவர் காதலித்த அழகுக்குக் கிடைத்தது. நாம் அதை அவருடைய வீட்டு விவகாரத்துக்கும் இழுத்துப் போர்த்திவிட்டோம். வீட்டில் காத்திருந்தவர்கள், அப்பா பெயரை வெளியில் சொல்ல முடியாமல் வளர்ந்த பிள்ளைகள், இவர்கள் பட்டதெல்லாம் நமக்கு ஜோக் ஆகிப்போனது. அதே நாம் சாவித்திரியை எப்படிப் பேசினோம்? குடித்தே அழிந்தாள் என்று ஒரே வரியில் முடித்தோம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் கோமாவில் கிடந்து 1981 டிசம்பரில் போய்ச் சேர்ந்த ஒரு மகா நடிகை நமக்கு எச்சரிக்கைக் கதை, அவர் கணவர் மன்னன். இந்த இரட்டைத் தராசு எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்காக எல்லாப் பழியையும் ஜெமினி தலையில் கட்டவும் நான் தயாரில்லை. சாவித்திரி சொந்தமாக எடுத்து இயக்கிய பிராப்தம் 1971-இல் பெரிய நஷ்டம், கடன், வரிப் பிரச்சினை, சுற்றியிருந்தவர்கள் என்று பல சேர்ந்தன. நீங்கள் பார்த்தது சாவித்திரியின் பக்கமிருந்து சொன்ன சினிமா. அதில் அப்பாவைக் காட்டிய விதம் சரியில்லை என்று ஜெமினியின் மகள் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். மூன்று மணி நேரப் படத்தை வைத்து ஒருவருக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஒரே ஒரு படம் சிபாரிசு பண்ணுகிறேன். நான் அவனில்லை, 1974, பாலசந்தர் இயக்கியது. விதவிதமான வேஷம் போட்டுப் பெண்களை ஏமாற்றுகிறவன் கோர்ட்டில் நின்றுகொண்டு "அது நான் இல்லை" என்று சாதிக்கிற கதை. அதைத் தயாரித்தது யார் தெரியுமா? ஜெமினியேதான், சொந்தக் காசு போட்டு. தன்னைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று தெரியாதவரா அவர்? தெரிந்தே அந்த வேஷத்தை எடுத்திருக்கிறார், அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. உங்கள் கோபத்தைக் கழற்றி வைக்க வேண்டாம், அதோடேயே உட்கார்ந்து பாருங்கள், பார்த்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.